தில்லியில் ஊர்க் காபி: பொடியைக் குறை சொல்லும் முன்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குக் குடிவரும் வீடுகளில் முதல் மாதக் காபி பெரும்பாலும் ஏமாற்றும். ஊரில் வாங்கிய அதே பொடி, அதே ஃபில்டர், போடுவதும் அதே கைதான். ஆனாலும் டம்ளரில் வருவது வேறு எதுவோ. ஒரு வீட்டில் சப்பென்று இருக்கும், இன்னொரு வீட்டில் நாக்கின் ஓரத்தில் புளிக்கும், மூன்றாவது வீட்டில் கசப்பு மட்டும் நிற்கும். பழி நேராகப் பொடிமேல் விழுகிறது. அடுத்த வாரமே ஊரிலிருந்து கூரியரில் இரண்டு கிலோ வந்து இறங்குகிறது. அதிலும் காபி தேறாது. ஏனென்றால் ஊர் மாறும்போது முதலில் மாறுவது தண்ணீர், அடுத்தது பால். பொடி மூன்றாவதுதான்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு காலை போதும். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். வீட்டுத் தண்ணீரில் ஒரு டிகாஷன், பாட்டில் தண்ணீரில் ஒரு டிகாஷன், பொடி ஒன்றே, அளவும் ஒன்றே. இரண்டிலும் பால் சேர்க்காமல், ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு வெந்நீர் விட்டுக் குடித்துப் பாருங்கள். பாட்டில் தண்ணீர் டிகாஷன் மணமாக இருந்து வீட்டுத் தண்ணீர் டிகாஷன் சப்பென்றிருந்தால் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் கருப்பாகக் குடிக்கும்போது நன்றாக இருந்து, பால் விட்டதும் கெட்டால் பாலைத்தான் மாற்ற வேண்டும். இரண்டுமே மோசம் என்றால் மட்டும் பொடியையும் அரைப்பையும் பார்க்கலாம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தில்லியில் பேட்டைக்குப் பேட்டை தண்ணீர் வேறு. கிழக்கு, தெற்குத் தில்லியின் பல பகுதிகளுக்கு சோனியா விகார் நிலையத்தில் சுத்திகரித்த கங்கைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. துவாரகா, நொய்டா, குருகிராம் பக்கம் பல குடியிருப்புகளில் போர்வெல் தண்ணீர் கலக்கிறது. அது கடின நீர், அதாவது சுண்ணாம்பு உப்புகள் மிகுந்தது. கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பைச் சமன்செய்துவிடும். அந்த மெல்லிய புளிப்புதான் காபிக்கு உயிர். அது போனால் மிஞ்சுவது தட்டையான, சுண்ணாம்பு வாடை தட்டும் கசப்பு. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் இதுதான் சங்கதி.

கடின நீருக்குப் பயந்து வீட்டுக்கு வீடு ஆர்ஓ சுத்திகரிப்பான் வைத்திருக்கிறார்கள். அதில் நேர் எதிரான கோளாறு. பல ஆர்ஓக்கள் டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, 20, 30 என்று இறக்கிவிடுகின்றன. உப்பே இல்லாத தண்ணீரில் காபியின் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. அது கூர்மையாகத் தெரியும், மற்ற ருசி வெறுமையாக இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது. ஆனால் காபிக்கு 75 முதல் 150 வரை இருந்தால் போதும், 100ஐ ஒட்டி இருந்தால் மிக நல்லது. பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கூரியர் செலவை எண்ணினால் அதை முதலில் வாங்குவதே லாபம்.

ஆர்ஓவில் பெரும்பாலும் டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. சர்வீஸுக்கு வருகிறவரிடம் ‘நூறில் வையுங்கள்’ என்று சொன்னால் இரண்டு நிமிட வேலை. திருகு இல்லாத மாடலாக இருந்தால் கலந்துகொள்ளலாம். ஆர்ஓ 25, குழாய்த் தண்ணீர் 400 என்றால், நான்கு பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்தால் சரியாக 100 வரும். குழாய்த் தண்ணீரைத் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, தெளியவைத்து, மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். கடினத்தில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். இந்தக் கலப்பு மாநகர் விநியோகத் தண்ணீருக்கு மட்டும்தான். போர்வெல் தண்ணீரில் இருக்கக்கூடிய ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்கவைத்தால் போகாது. ஆகவே அதைக் கலக்கவே வேண்டாம்.

அடுக்குமாடிகளில் இன்னொன்றும் இருக்கும், மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குளிக்கவும் துணி துவைக்கவும் நல்லது, டிகாஷனுக்கு ஆகாது. அந்தத் தண்ணீரில் பொடி ஊறிக் கனத்து, இறங்குவது வெகு நேரம் இழுக்கும், கசப்பும் ஏறும். ‘அதே பொடி, இங்கே மட்டும் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது’ என்பவர்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

இனி பால். ஆவின் பச்சைப் பாக்கெட் 4.5 சதவீதக் கொழுப்பு, நீலம் 3, ஆரஞ்சு 6. பல வீடுகளின் காபி ருசி பச்சைப் பாக்கெட்டில் பழகியது. தில்லியில் கடையில் சும்மா ‘பால்’ என்று கேட்டால் பெரும்பாலும் ஃபுல் கிரீமைத்தான் நீட்டுவார்கள், அதாவது 6 சதவீதம். மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டுப் பிடிக்கும் பால் டோன்டு, 3 சதவீதம். ஒன்று கனத்து வாயில் பூசிக்கொள்ளும், மற்றது தண்ணிக் காபியாகிவிடும். அமுல் சக்தி கிடைத்தால் அதுவே 4.5. கிடைக்காவிட்டால் ஃபுல் கிரீமையும் டோன்டையும் சரிபாதி கலந்தாலும் அதே 4.5 வந்துவிடும். கால் லிட்டர், கால் லிட்டர் என்று கலந்து காய்ச்சினால் நாலு பேருக்குச் சரியாக இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான். வடக்கே ஃபுல் கிரீமில் எருமைப் பால் மிகுதி. எருமைப் பாலில் பசும்பாலின் மஞ்சள் கிடையாது, வெள்ளை வெளேரென்று இருக்கும். ஊரில் விட்ட அளவு டிகாஷன் விட்டாலும் காபி வெளுத்துத் தெரியும். நிறம் வரவில்லையே என்று இன்னும் விட, இன்னும் விட, கசந்துபோகும். தில்லியில் முதல் சில வாரம் கண்ணை நம்பாமல் டிகாஷனை அளந்து விடுங்கள்.

காய்ச்சும் விதத்திலும் கவனம் வேண்டும். பால் பொங்கி வந்ததும் இறக்கிவிட வேண்டும். சிம்மில் பத்து நிமிடம் கிடந்த பாலும் மூன்றாம் முறை சுட வைத்த பாலும் பால்கோவா வாடை அடிக்கும். அதில் எந்த டிகாஷனும் எடுபடாது. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு டீ கொதிக்கும் பாத்திரத்தில் காபிப் பாலைக் காய்ச்சாதீர்கள். அந்த மணம் எவர்சில்வரை விட்டு லேசில் போகாது. காபிக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் தனியாக இருக்கட்டும்.

தண்ணீரும் பாலும் சரியானபின் பொடி. தில்லியில் வறுத்து அரைத்துத் தரும் கடை இல்லாமல் இல்லை. லோதி காலனி கன்னா மார்க்கெட்டில் இருக்கும் தேவன்ஸ் அந்த வகைப் பழைய கடை. தில்லி ஹாட்டுக்கு எதிரே ஐஎன்ஏ மார்க்கெட்டில் தென்னிந்தியச் சரக்குக் கடைகள் வரிசையாக உண்டு. கறிவேப்பிலை, நேந்திரம் சிப்ஸ் நடுவே ஊர்க் காபிப் பாக்கெட்டுகளும் தொங்கும். ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விகார் பேஸ்-1 ஆகிய தமிழர் அதிகம் வாழும் இடங்களில் சின்ன மளிகைக் கடைகளில்கூடக் கிடைக்கும். ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்கு வரும் நாளில் அப்படியே பார்த்துக்கொள்ளலாம். 2013இல் தில்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் போன்ற புதுக் கடைகளில் ஃபில்டருக்கென்றே அரைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் அங்கே இளவறுப்பு வாங்கினால் பாலில் காணாமல் போகும், புளிப்பும் தட்டும். பாலுக்கு வாங்குகிறவர்கள் கருவறுப்பைத்தான் கேட்க வேண்டும். சிக்கரி அதில் இருக்காது.

பாக்கெட் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: பாக்கிங் தேதி, காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம். சிக்கரி கலந்த காபியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும், இரண்டின் அளவையும் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். சூப்பர் மார்க்கெட்டில் சுலபமாகக் கைக்கு வரும் சில பாக்கெட்டுகள் அந்த 51ஐ ஒட்டியே இருக்கும், ஏறக்குறைய பாதி சிக்கரி. ஊரில் 80க்கு 20 குடித்துப் பழகியவர் அதை வாங்கிவிட்டு ‘தில்லிப் பொடி சரியில்லை’ என்பது நியாயமில்லை. லூஸில் வாங்கிய பொடியில் சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடியிலேயே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எவ்வளவு சதவீதம் என்று இது சொல்லாது. ஆனால் கலப்பே இல்லை என்று விற்றதில் இருக்கிறதா, கொஞ்சம் என்றதில் கொள்ளை கொள்ளையாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடையில் கலந்து வாங்கும்போது கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ‘கிலோவுக்கு 200 சிக்கரி’ என்றால் சில கடையில் 800 காபி, 200 சிக்கரி. சில கடையில் ஒரு கிலோ காபி, அதற்குமேல் 200. இரண்டாவதில் சிக்கரி 17 சதவீதம்கூட இல்லை. வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். அதனால் கிராமில் சொல்லிவிடுங்கள்: 200 கிராம் காபி, 50 சிக்கரி. கொட்டைப் பெயர்களும் பலருக்குக் குழப்பம். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா; பின்னால் வரும் ‘ஏ’ கொட்டையின் அளவு. செர்ரி என்றால் பழத்தோடு உலர்த்தியது. பார்ச்மென்ட் என்பது கழுவிய ரோபஸ்டா. பீபெரி தனி ஜாதி அல்ல. ஒரு பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே விதை உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. நன்றாகச் சீராக வறுபடும், விலையும் கூடுதல். அதற்காகப் பீபெரி மட்டும்தான் காபி என்று நினைக்க வேண்டியதில்லை. 4.5 பாலுக்கு என் கணக்கு, 150 பிளான்டேஷன் ஏ, 50 ரோபஸ்டா, 50 சிக்கரி. ரோபஸ்டா சேர்ந்தால் கனமான பாலிலும் காபி தலைகாட்டும்.

சிக்கரியை இளப்பமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. வறுத்த சிக்கரி வேரில் தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட மிக அதிகம். டிகாஷனுக்கு அந்தக் கள்ளிச்சொட்டுக் கொழகொழப்பும், பால் விட்டபின் நிற்கும் நிறமும் அதிலிருந்துதான் பாதி வருகின்றன. 20 சதவீதம்வரை அது காபிக்குத் துணை. 30ஐத் தாண்டினால் காபி மணத்தை மூடும். சிக்கரி குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் விளைகிறது. இந்த ஒரு விஷயத்தில் சென்னைக் காபி தில்லிப் பக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது.

அரைப்புதான் தில்லிக் கடைகளில் அதிகம் தப்பிப்போவது. ‘ஃபில்டர்’ என்று மட்டும் சொன்னால் காகித வடிகட்டிக்கு என்று நினைத்துப் பருமனாக அரைத்துவிடுவார்கள். ‘சவுத் இந்தியன் ஃபில்டர், ஸ்டீல் வாலா’ என்று சொல்லுங்கள். விரலிடையில் தேய்த்தால் மைதா மாதிரி வழுக்கவும் கூடாது, ரவை மாதிரி நெருடவும் கூடாது. தூள் உப்பு மாதிரி இருக்க வேண்டும். ஊற்றிய ஐந்து நிமிடத்தில் முழுக்க இறங்கிவிட்டால் பொடி பருமன், டிகாஷன் நீர்த்திருக்கும். ஒரு மணி நேரமாகியும் பாதி நின்றால் பொடி நைஸ். 15 முதல் 20 நிமிடம் சரியான கணக்கு.

அளவு இது. பொடி 30 கிராம், அதாவது சாப்பாட்டுக் கரண்டியால் குவித்து நான்கு. தண்ணீர் 180 மில்லி. பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 60 போக 120 மில்லி டிகாஷன் இறங்கும். ஒரு காபிக்கு 30 மில்லி டிகாஷன், 100 மில்லி பால். நாலு காபி. ஃபில்டரின் அளவும் பொருந்த வேண்டும். ஆறு பேருக்கான ஃபில்டரில் இரண்டு பேருக்குப் போட்டால் பொடி அடியில் மெல்லிய தகடாகப் பரவி, தண்ணீர் சாரம் எடுக்காமலே ஓடிவிடும். தட்டில் பொடி குறைந்தது இரண்டு விரற்கடை உயரம் நிற்க வேண்டும். தனியாகக் குடிவருகிறவர்கள் வீட்டுப் பெரிய ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வராமல் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஜனவரியில் தில்லிச் சமையலறை எவர்சில்வர் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த ஃபில்டரில் கொதிநீரை ஊற்றினால் தகடே பாதிச் சூட்டைக் குடித்துவிடும், பொடியில் சாரம் இறங்காது. முதலில் இரண்டு அடுக்கையும் கொதிநீரால் அலசிக் கொட்டித் துடைத்துவிடுங்கள். பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்தி, குடைத் தட்டை மேலே வைத்து லேசாக மட்டும் அழுத்துங்கள். இறுக்கினால் அடைக்கும். கொதி அடங்கிய அரை நிமிடத்தில் முதலில் 40 மில்லி மட்டும் சுற்றி ஊற்றி அரை நிமிடம் ஊறவிட்டு, மீதியை ஊற்றி மூடுங்கள். கீழ் அடுக்கை வெந்நீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி வைத்தால் டிகாஷன் ஆறாது. ஆறிய டிகாஷனை அடுப்பில் நேராகச் சுட வைக்காதீர்கள்; மணம் போய்க் கருகல் கசப்பு வரும். கொதிநீரில் டம்ளரோடு இறக்கி வையுங்கள்.

குடிக்கும் பாத்திரத்துக்கும் இதே விதி. 12 டிகிரியில் இருக்கும் 30 மில்லி டிகாஷனும் 95 டிகிரிப் பால் 100 மில்லியும் சேர்ந்தால் ஏறக்குறைய 76 டிகிரி. அதன்பின் சில்லிட்ட டம்ளரும் டபராவும் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கும். நாலு ஆற்று ஆற்றினால் காபி வெதுவெதுப்பாகிவிடும். குளிர்காலத்தில் டம்ளரை வெந்நீரால் அலசி, நுரைக்கு ஒரே ஒரு ஆற்று போதும். ஏப்ரலிலிருந்து ஊர் வழக்கப்படி எவ்வளவு வேண்டுமானாலும் ஆற்றலாம். மே, ஜூனில் மட்டும் இரவே டிகாஷன் போட்டு வெளியே வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விடிவதற்குள் புளித்து, பாலைத் திரியவைத்தாலும் வைக்கும்.

இறங்காமல் நின்றுபோனால் பதற வேண்டாம். மேல் அடுக்கு கீழ் அடுக்கில் இறுகப் பொருந்தி உள்ளே காற்று சிறைப்பட்டிருக்கலாம். மேல் அடுக்கை ஒரு நூல் உயர்த்தி மறுபடி வைத்தால் சொட்டத் தொடங்கும். அடிக்கடி நின்றால் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காலி அடுக்கைக் காஸ் தழலில் ஒரு நிமிடம் காட்டினால் ஒட்டிய பொடி கருகிவிடும், ஆறியபின் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடலாம். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரைத் தழலில் காட்டக் கூடாது, ஈயம் உருகிவிடும். கடின நீர் வீடுகளில் ஓட்டையைச் சுண்ணாம்பும் அடைக்கும். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து அரை மணி ஊறவிட்டால் எவர்சில்வர் ஃபில்டர் விட்டுக்கொடுக்கும்.

வெளியே குடிப்பதானால், தில்லியில் வெறுமே ‘காபி’ என்றால் இன்ஸ்டன்ட்தான். பொடியையும் சர்க்கரையையும் அடித்து நுரைத்தது வரும். கல்யாணங்களில் ‘எஸ்பிரஸோ’ என்று ஆவி இயந்திரத்தில் பொங்கவைத்து, மேலே சாக்லேட் தூள் தூவித் தருவதும் அதன் உறவே. ‘ஃபில்டர் காபி’ என்று அழுத்திச் சொல்லுங்கள், கூடவே ‘சீனி அலக் (சர்க்கரை தனியாக), டிகாஷன் ஸ்ட்ராங்’. தென்னிந்திய ஓட்டலானாலும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போனால்தான் முதல் டிகாஷன். பதினொன்றுக்குமேல் சூட்டிலேயே கிடந்து கசந்தது கிடைக்கும். கனாட் பிளேஸ் பக்கம் போனால் மோகன் சிங் பிளேஸ் மாடியில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்கு ஒரு முறையாவது ஏறுங்கள். 1950களில் அரசின் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே எடுத்து நடத்திய கடைகளின் வழியில் வந்தது அது. கும்பகோணத்து ருசியை அங்கே தேட வேண்டாம். மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தக் காபியை அதுவாகவே குடிக்கலாம்.

பொடியை ஒரு தடவைக்கு 250 கிராமுக்குமேல் வாங்காதீர்கள். அரைத்த பொடியின் மணம் இரண்டு வாரத்தில் பாதி போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் ஈரக்காற்றில் திறந்த டப்பாவில் கட்டி தட்டும், அந்தப் பொடி ஃபில்டரையும் அடைக்கும். ஊரிலிருந்து மொத்தமாகத்தான் வருகிறது என்றால் 100 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தால் குளிர் முழுக்க விட்டபின்தான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் பொடிமேல் வேர்த்துவிடும். பிரித்ததை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பாமல் அந்த வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள்.